பழைய தோழருக்குச் சிபாரிசு: பயிற்சியாளர் நியமனத்தில் பொறுப்பு யாருடையது?

கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டம் மைதானத்தில் 2016 ஜனவரி 3 அன்று தெற்காசியக் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் நடைபெற்றது. ஆப்கானிஸ்தான் முதல் கோலைப் போட, ஜெஜே அதைச் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி போட்ட கோலால் இந்தியா 2-1 என்ற கணக்கில் கோப்பையை வென்றது. அன்று இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்தவர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் என்ற வெளிநாட்டவர். கூடியிருந்த கூட்டத்தில் யாருக்கும் அது விசித்திரமாகப் பட்டிருக்காது. தேசிய அணியை வெளிநாட்டார் நடத்துவதும், இந்தியர்கள் உதவியாளர்களாக ஓரத்தில் நிற்பதும் அப்போதே பழகிப்போன காட்சியாகிவிட்டது.

அந்தக் காட்சி 2025இல் மாறியது. மாறிய விதம்தான் இங்கே கவனிக்கத் தக்கது.

2025 ஜூன் 10 அன்று ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் ஹாங்காங்கிடம் 0-1 என்று இந்தியா தோற்றது. ஸ்பெயின் நாட்டுப் பயிற்சியாளர் மனோலோ மார்க்வெஸ் ஜூலைத் தொடக்கத்தில் விலகினார். காலியான இடத்துக்கு ஏறக்குறைய 170 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றைச் சலித்தெடுக்கும் பொறுப்பு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தொழில்நுட்பக் கமிட்டியிடம் விடப்பட்டது. அதன் தலைவர் ஐ.எம். விஜயன். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவனாகத் தொடங்கி, கேரளப் போலீஸ் அணியில் ஆடி, இந்தியாவின் தலைசிறந்த முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவராக உயர்ந்து, 2025இல் பத்மஸ்ரீ பெற்றவர் என்பதை வாசகர்கள் அறிவர். கமிட்டி மூன்று பெயர்களை அனுப்பியது: காலித் ஜமில், முன்பு சொன்ன அதே கான்ஸ்டன்டைன், ஸ்லோவாகியாவின் ஸ்டெபான் டார்கோவிச். ஆகஸ்ட் 1 அன்று நிர்வாகக் கமிட்டி காலித் ஜமிலை நியமித்தது. 2012இல் சாவியோ மெடீரா விலகிய பிறகு, 13 ஆண்டு கழித்து இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தார்.

நம்மவர் ஒருவருக்கே வேலையைக் கொடுக்கவேண்டும் என்ற குரல் பழைய ஆட்டக்காரர்களிடையே நெடுநாளாக இருந்து வருவதுதான். வெளியே நின்று சொல்லப்பட்டு வந்த அபிப்பிராயம் இப்போது தேர்வு செய்யும் மேஜைக்கே வந்துவிட்டது என்பதே வித்தியாசம். இது நல்லதா, கெட்டதா?

மேஸ்திரியின் சிபாரிசு

சிபாரிசு என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு வந்தவர்களில் சிபாரிசு இல்லாமல் முதல் வேலை கிடைத்தவர் எத்தனை பேர்? கட்டட வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் மேஸ்திரி தம் ஊருக்குத்தான் சொல்லியனுப்புகிறார். ஓட்டலிலும் அப்படியே. அலுவலகங்களில் தாற்காலிக இடம் காலியானால் அங்கே இருப்பவர்தான் தமக்குத் தெரிந்த பையனின் பெயரைச் சொல்கிறார். இதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. மேஸ்திரி கூட்டி வந்த கொத்தனார் சுவரைக் கோணலாகக் கட்டினால், கான்ட்ராக்டர் கொத்தனாரிடம் போவதில்லை, மேஸ்திரியிடம்தான் போவார். இடித்துக் கட்டும் கூலி மேஸ்திரியின் கணக்கில் ஏறும். ஆகவே அவர் அடுத்த முறை பெயர் சொல்லுமுன் இரண்டு தடவை யோசிப்பார்.

கால்பந்து உலகத்தின் சிபாரிசுகளில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதுதான் பிரச்னையின் மையம்.

இதற்குத் தெளிவான உதாரணம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட். 2018 டிசம்பரில் மொரின்யோ நீக்கப்பட்டதும், அந்த அணியின் பழைய ஆட்டக்காரர் ஓலே குன்னார் சோல்ஸ்கியார் தாற்காலிகப் பயிற்சியாளராக அழைக்கப்பட்டார். 1999 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிஷத்தில் வெற்றிக் கோலைப் போட்டவர், ரசிகர்களின் செல்லப்பிள்ளை. வந்தவுடன் முதல் எட்டு ஆட்டங்களிலும் வெற்றி. 2019 மார்ச் 6 அன்று பாரிஸ் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-1 என்று வென்று மேல் சுற்றுக்குப் போனார்கள். அன்றிரவு தொலைக்காட்சியில் ரியோ பெர்டினாண்ட், உடனே ஒப்பந்தத்தை எடுத்துக் கையெழுத்து வாங்குங்கள் என்று நிர்வாகத்துக்குச் சொன்னார். சோல்ஸ்கியாரோடு தோளோடு தோள் நின்று ஆடியவர் அவர். மார்ச் 28 அன்று மூன்று ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அடுத்த மாதமே எவர்ட்டனிடம் 0-4 என்று படுதோல்வி. பிறகு ஏற்றமும் இறக்கமுமாக ஓடி, 2021 நவம்பரில் வாட்போர்டிடம் 1-4 என்று தோற்ற மறுநாள் அவர் நீக்கப்பட்டார்.

இடைப்பட்ட காலத்தில் நடந்ததுதான் விசேஷம். தொலைக்காட்சியில் மற்றவர்களைத் தோலுரித்துப் பேசும் கேரி நெவில், சோல்ஸ்கியாரைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், அவர் என் நண்பர், அவரை நீக்கச் சொல்லமாட்டேன் என்று வெளிப்படையாகவே கூறிவிட்டார். நேர்மையான பதில்தான். ஆனால் அணியின் குறைகளை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டால் யார் சொல்வது? நண்பருக்காகப் பேச முன்வந்தவர்கள், பேசவேண்டிய வேறொரு சமயத்தில் மௌனமானார்கள். நஷ்டம் அணிக்கு, ஒரு விதத்தில் சோல்ஸ்கியாருக்கும்தான்.

நம் நாட்டுக் கிரிக்கெட்டிலும் இது நடந்திருக்கிறது. 2016 ஜூனில் டெண்டுல்கர், கங்குலி, லட்சுமண் மூவரும் அடங்கிய ஆலோசனைக் கமிட்டி, தங்களோடு பல்லாண்டு ஆடிய அனில் கும்ப்ளேயைப் பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தது. கும்ப்ளேயின் தகுதியில் யாருக்கும் ஐயமில்லை. வெற்றிகளும் வந்தன. ஆனால் கேப்டன் கோலிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை; 2017 ஜூன் 20 அன்று விலகினார். அடுத்த மாதமே, முதல் தடவை தான் ஒதுக்கிவிட்ட ரவி சாஸ்திரியை அதே கமிட்டி தேர்ந்தெடுத்தது.

கதவு ஏன் தட்டப்படுகிறது?

பழைய ஆட்டக்காரர்கள் தங்கள் தோழர்களுக்காகப் பேசுவது வெறும் பாசத்தினால் என்று தள்ளிவிடுவது அநியாயம். அவர்களுடைய நிலைமையைப் பார்க்கவேண்டும்.

ஒரு காலத்தில் கேரளத்தில் பந்து ஆடத் தெரிந்தவனுக்குப் போலீஸ், மின்சார வாரியம், டைட்டானியம், திருவிதாங்கூர் ஸ்டேட் பாங்கு என்று வேலைக்கு வழியிருந்தது. காலையில் பயிற்சி, பிறகு ஆபீஸ். ஆட்டம் முடிந்தாலும் பென்ஷன் வரை சம்பளம் நிச்சயம். பலர் அதே அணிக்குப் பயிற்சியாளரும் ஆனார்கள். அந்த ஏணியின் படிகள் ஒவ்வொன்றாகக் கழன்று வருகின்றன. திருவிதாங்கூர் ஸ்டேட் பாங்கே 2017 ஏப்ரல் 1 அன்று பெரிய ஸ்டேட் பாங்கோடு சேர்ந்து மறைந்துவிட்டது.

அதே சமயம் பணம் புழங்கும் புதிய அணிகள் வந்தன. அங்கே தலைமைப் பயிற்சியாளர் இடம் வெளிநாட்டாருக்கே என்று எழுதாத விதி ஒன்று வந்து சேர்ந்தது. 2024இல் சூப்பர் லீக் கேரளம் தொடங்கியபோது, திருவனந்தபுரம் கொம்பன்ஸ் உட்பட ஆறு அணிகளுக்கும் தலைமைப் பயிற்சியாளர்கள் வெளிநாட்டாரே. கேரள பிளாஸ்டர்ஸ் அணி 2024 டிசம்பரில் சுவீடன்காரரான மிக்கேல் ஸ்டாரேயை நீக்கியபோது, திருச்சூர்க்காரரும் பழைய கோல்கீப்பருமான டி.ஜி. புருஷோத்தமன் பொறுப்பேற்று அணியை நடத்தினார். அது இடைக்காலம்தான். மார்ச்சில் ஸ்பெயினிலிருந்து டேவிட் கட்டாலா நியமிக்கப்பட்டார். வீட்டில் விசேஷம் என்றால் சமையலுக்கு வெளியூர்ப் பெயர். சமையல்காரர் பாதியில் போய்விட்டால் மட்டும் உள்ளூர்க்காரர் கரண்டி பிடிக்கவேண்டும்!

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே எல்லையோரத்துப் பொழியூரிலும், எல்லை தாண்டிக் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூரிலும் கடற்கரை மணலில் பந்தாடி வளர்ந்த பையன்கள் மாநில அணிகளுக்கும் பெரிய அணிகளுக்கும் போயிருக்கிறார்கள். ஆடி முடித்து ஊர் திரும்பியவருக்குப் பயிற்சியாளர் லைசென்ஸ் வாங்க வேண்டுமென்றால் டி, சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாகப் பல ஆண்டு, பல லட்சம் ஆகும். அதற்குப் பண உதவி செய்யச் சொல்லி எந்தப் பெரிய ஆட்டக்காரரும் சம்மேளன வாசலில் நின்றதாகத் தெரியவில்லை.

வி.பி. சத்யனைத் தமிழ்நாட்டுக் கால்பந்து ரசிகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இந்திய அணியின் கேப்டன். 1992இல் கோயம்புத்தூரில் கேரளம் சந்தோஷ் டிராபியை வென்றபோதும் அவரே கேப்டன். பின்னர் சென்னையில் இந்தியன் வங்கியில் சேர்ந்து, அந்த அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். 2006 ஜூலை 18 அன்று, 41ஆவது வயதில், சென்னையில் அவர் மறைந்தபோது தான் பல பேருக்கு அவர் நினைவு வந்தது. ஆடிய காலத்துப் புகழ் பிற்காலத்துக்குப் பாதுகாப்பு ஆகாது என்பது அவரோடு ஆடியவர்களுக்கு வேறு எவரையும்விட நன்றாகத் தெரியும். தோழருக்கு ஒரு வேலை கேட்கும் குரலில் இந்தக் கவலையும் கலந்திருக்கிறது.

எனினும், நன்றாக ஆடியவர் நன்றாகப் பயிற்றுவிப்பார் என்ற வாதம் நிற்காது. இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தை உருவாக்கிய சையத் அப்துல் ரஹீம் ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கமும், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடமும் அவர் காலத்தில் வந்தவை. அதே போல, தோழர் என்றால் உள்ளூர்க்காரர் என்ற வாதமும் நிற்காது. கேரளம் சந்தோஷ் டிராபியை முதன்முதலாக வென்றது 1973 டிசம்பரில், எர்ணாகுளத்தில். இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணிக்கு எதிராகக் கேப்டன் மணி மூன்று கோல் போட்டார், 3-2. அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவரும், 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடியவருமான சைமன் சுந்தரராஜ்! எங்கள் ஆள்தான் வேண்டும் என்று அன்று கேரளம் பிடிவாதம் பிடித்திருந்தால் அவருக்கு இங்கே இடமேது?

காலித் ஜமிலின் கணக்கு

காலித் ஜமில் வெறும் நண்பர் என்ற முறையில் வந்தவர் அல்லர் என்பதைச் சொல்லியாகவேண்டும். முழங்கால் காயத்தால் ஆட்ட வாழ்க்கை சுருங்கிப்போனவர். 2016-17இல் மிஜோரத்தின் சிறிய அணியான ஐசாலை ஐ-லீக் சாம்பியனாக்கியபோது, அதை எதிர்பார்த்தவர் அநேகமாக ஒருவருமில்லை. சம்மேளனத்தின் சிறந்த பயிற்சியாளர் விருதை அடுத்தடுத்து இரண்டு ஆண்டு பெற்றார். லைசென்ஸும் இருந்தது, அனுபவமும் இருந்தது. கமிட்டியின் தேர்வைக் குறை கூற இடமில்லை.

ஆனால் அவர் கையில் கொடுக்கப்பட்டது என்ன? நியமனத்துக்கு மூன்று வாரம் முன்பு, ஜூலை 11 அன்றே, உரிமை ஒப்பந்தத் தகராறில் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் ஆட லீகே இல்லை. மத்திய ஆசியப் போட்டிக்கு மோகன் பகான் தன் ஆட்டக்காரர்களை அனுப்ப மறுத்தது. அப்படியும் செப்டம்பர் 8 அன்று ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் பிடித்தார்கள். அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றதும் ஆசியக் கோப்பை வாய்ப்பு பறிபோயிற்று. நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1.

ஓமனை வென்றபோது இந்தியப் பயிற்சியாளர் சாதித்தார் என்றார்கள். டாக்காவுக்குப் பிறகு, இந்தியர்களால் முடியாது என்ற பழைய பேச்சு திரும்பி வந்தது. வெளிநாட்டார் தோற்றால் அவர் ஒருவர் தோற்றார். இந்தியர் தோற்றாலோ அடுத்து வரவேண்டிய பத்து இந்தியர்களும் சேர்ந்து தோற்றதாகக் கணக்கு. ஹாங்காங்கிடம் தோற்ற மார்க்வெஸுக்குப் பிறகு ஸ்பெயின்காரர்களே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே பெயரைச் சொன்னவர்கள் நியமனக் கடிதத்தோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. அணிகள் ஆட்டக்காரர்களை எத்தனை நாள் முன்னதாக விடவேண்டும், பயிற்சி முகாம் எத்தனை நாள், எந்த முடிவு வந்தால் பதவி போகும், எது வந்தால் நீடிக்கும் என்பவற்றை எழுத்தில் வாங்கித் தருவது அவர்களுடைய பொறுப்பு. விஜயன் போன்றவர் வாயைத் திறந்தால் கொச்சியிலும் கல்கத்தாவிலும் கேட்பார்கள். ஆட்டக்காரர்களை விட மறுக்கும் அணி முதலாளியும் கேட்டாகவேண்டும். பயிற்சியாளர் தவறினால், ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தோம், எங்கே கணக்குப் பிசகியது என்று எழுதிக் கொடுக்கும் கடமையும் கமிட்டிக்கு உண்டு. 2019இல் ஸ்டிமாச்சைத் தேர்ந்தெடுத்ததும் பழைய ஆட்டக்காரரான ஷியாம் தாபா தலைமையிலான தொழில்நுட்பக் கமிட்டிதான். 2024 ஜூனில் அவர் நீக்கப்பட்டு, நஷ்டஈட்டுத் தகராறு கிளம்பியபோது, கேள்விகளெல்லாம் சம்மேளனத்தை நோக்கியே போயின. பெயரைப் பரிந்துரைத்த கமிட்டியை யாரும் கேட்கவில்லை.