கேஸ் சர்ட்டிஃபிகேட் இருக்கு, ரேடியேட்டர்ல சூடு எங்கே? பிரிட்டன் வாடகை வீடுகளில் யாரும் பார்க்காத தண்ணீர்

அக்டோபர் கடைசியில் பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைப்பார்கள். அதையொட்டி வீடுகளில் ஹீட்டிங் சீசன் ஆரம்பம். மாதக்கணக்கில் சும்மா கிடந்த பாய்லரை ஆன் செய்த பிறகுதான் பலருக்கு விஷயமே தெரியும். ஹால் ரேடியேட்டர் பாதிதான் சூடாகும், பெட்ரூமில் சுத்தமாக ஆகாது. பாய்லருக்குள் கெட்டில் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் வேறு.

வேலைக்கும் படிப்புக்கும் அங்கே போன தமிழ் இளைஞர்களுக்கு இது புது தலைவலி. நம்ம ஊரில் கீசர் ரிப்பேர் என்றால் ஒரு நாள் பச்சைத் தண்ணீரில் குளித்துச் சமாளிக்கலாம். அங்கே ஜனவரியில் ஹீட்டிங் நின்றால் வீட்டில் உட்காரவே முடியாது. கைக்குழந்தையோ, ஊரிலிருந்து வந்த வயதான பெற்றோரோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கோளாறுகளில் பல, ஒரே ராத்திரியில் வருபவை அல்ல. வருடக்கணக்கில் குழாய்க்குள் சேரும் அடைப்பு அது. தடுக்க முடியும், பெரிய செலவும் இல்லை. ஆனால் தடுப்பது யார் வேலை என்பதில்தான் சிக்கல்.

குழாய்க்குள் என்ன நடக்குது?

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய நான்கில் மூன்று வீடுகள் மெயின்ஸ் கேஸை மட்டுமே நம்பி வெப்பம் பெறுகின்றன. பாய்லர் சூடாக்கும் தண்ணீர் ஒவ்வொரு ரேடியேட்டராகச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். சுற்றுவது எப்போதும் அதே தண்ணீர்தான்.

அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், ரேடியேட்டரின் இரும்பை அரிக்கும். அந்தத் துரு மேக்னடைட் என்ற கறுப்புத் தூளாக மாறி, சேறு மாதிரி அடியில் படியும். பாய்லரின் வெப்பப் பரிமாற்றியில் இருக்கும் குறுகலான வழிகளிலும் போய் அடைக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிரஷர் இறங்கினால் டாப்-அப் செய்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுவது பலர் வழக்கம். ஒவ்வொரு டாப்-அப்பிலும் புது ஆக்சிஜன் உள்ளே போகிறது, அரிப்பு கூடுகிறது. பாய்லர் ஆறியிருக்கும்போது பிரஷர் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். அது அடிக்கடி இறங்கினால் எங்கோ கசிவு இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருப்பது, அடைப்பை நாமே கூப்பிடுவது.

இரண்டாவது எதிரி, சுண்ணாம்புப் படிவு. லண்டன் உள்ளிட்ட தென்கிழக்கு இங்கிலாந்தில் தண்ணீர் நல்ல கடினத்தன்மை கொண்டது. காம்பி பாய்லரில் குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும் பகுதியில் அது படியும். ஷவரில் சூடு கூடிக் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, உறைபனி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 முதல் பொருத்தப்படுபவை பெரும்பாலும் கண்டென்சிங் பாய்லர்கள். இவற்றிலிருந்து கழிவுநீரை வெளியேற்றும் பிளாஸ்டிக் குழாய் வெளிச்சுவரில் போனால், கடுங்குளிரில் உறைந்து அடைத்துக்கொள்ளும். பாய்லரும் நின்றுவிடும். அப்போது வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றலாம், கொதிக்கும் தண்ணீர் கூடாது.

சர்ட்டிஃபிகேட் எதைச் சொல்கிறது?

1998-ம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி, வீட்டு உரிமையாளர் 12 மாதத்துக்கு ஒருமுறை கேஸ் சேஃப் பதிவு பெற்ற இன்ஜினீயரை வைத்துச் சோதனை செய்ய வேண்டும். அதன் நகலை 28 நாட்களுக்குள் வாடகைக்கு இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். உயிர் காக்கும் விதி இது, சந்தேகமில்லை. ஆனால் அது பார்ப்பது கேஸ் கசிவு, புகை வெளியேற்றம் போன்ற பாதுகாப்பு விஷயங்களை. ரேடியேட்டருக்குள் ஓடும் தண்ணீர் கறுத்துக் கிடந்தாலும் சர்ட்டிஃபிகேட் கிடைத்துவிடும்.

தண்ணீருக்கும் தரநிலை இல்லாமல் இல்லை. பி.எஸ். 7593 என்ற பிரிட்டிஷ் தரநிலையின் 2019 பதிப்பு தெளிவாகவே சொல்கிறது: சிஸ்டத்தைச் சுத்தம் செய்து, அரிப்பைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் திரவம் சேர்த்து, ஃபில்டர் பொருத்த வேண்டும். இன்ஹிபிட்டர் போதுமான அளவில் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். ஆனால் கேஸ் சோதனையைப் போல, இதை ஆண்டுதோறும் செய்தாக வேண்டும் என்று உரிமையாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை.

இந்த இடைவெளியை மூட வேண்டும். இன்ஜினீயர் எப்படியும் வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறார். தண்ணீரைச் சோதிப்பது, காந்த ஃபில்டரைக் கழுவுவது இரண்டையும் அதே விசிட்டில் சேர்த்துவிடலாம். "கூடுதல் செலவு" என்று உரிமையாளர்கள் சொல்லலாம். ஒரு பாட்டில் இன்ஹிபிட்டர் சில பத்து பவுண்டுகளுக்குள் முடிந்துவிடும். புது பாய்லர் என்றால் ஆயிரக்கணக்கில். எது லாபம் என்பதற்குக் கால்குலேட்டர் தேவையில்லை.

"இனி ஹீட் பம்ப் காலம், பாய்லரைப் பற்றி எதற்குக் கவலை?" என்பது இன்னொரு வாதம். ஹீட் பம்புக்கு மாறினாலும் பல வீடுகளில் அதே குழாய்கள்தான். பாய்லரைவிடக் குறைந்த வெப்பத்தில் அது இயங்குவதால், தண்ணீர் தடையில்லாமல் ஓடுவது இன்னும் முக்கியம்.

வாடகைக்கு இருப்பவர் என்ன செய்யலாம்?

முதலில் கையை வைத்துப் பாருங்கள். ரேடியேட்டரின் மேல்பகுதி மட்டும் சில்லென்று இருந்தால் பெரும்பாலும் காற்று. ஹீட்டிங்கை ஆஃப் செய்து, ஆறிய பிறகு, அதற்கான சின்ன சாவியால் திறந்துவிட்டால் போதும். பிரஷரை மட்டும் மறுபடி பாருங்கள். அடிப்பகுதி சூடாகவில்லை என்றால் சேறாக இருக்கலாம். அதற்கு ஆள் வர வேண்டும்.

கோடையிலும் மாதம் ஒருமுறை சில நிமிடம் ஹீட்டிங்கை ஓட விடுங்கள். பம்பும் வால்வும் இறுகிப்போகாது.

பாய்லர் மூடியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். அது கேஸ் சேஃப் இன்ஜினீயர் வேலை. அவர் எந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அவரது அடையாள அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும், கேட்டுப் பார்க்கலாம். அதேபோல "பவர் ஃபிளஷ்தான் ஒரே வழி" என்றால் உடனே தலையாட்ட வேண்டாம். அரித்துப்போன பழைய குழாய்களில் அது கசிவை உண்டாக்கலாம். முதலில் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

புகாரை வாயால் சொல்லாமல் போட்டோவோடு ஈமெயிலில் அனுப்புங்கள். 1985-ம் ஆண்டின் வீட்டு உரிமையாளர் - குத்தகைதாரர் சட்டத்தின் 11-வது பிரிவு, இங்கிலாந்தில் குறுகிய கால வாடகை வீடுகளின் ஹீட்டிங்கை வேலை செய்யும் நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை உரிமையாளர் மீதுதான் வைக்கிறது. ரிப்பேர் கேட்பது சலுகை இல்லை, உரிமை.

புது வீடு பார்க்கப் போகும்போது வைஃபை ஸ்பீடோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். ஃபில்டர் இருக்கா? கடைசியாக எப்போ இன்ஹிபிட்டர் போட்டாங்க? கழிவுநீர்க் குழாய்க்கு வெளியே உறை போட்டிருக்கா? பதில் வரவில்லை என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அதைப் பார்த்துத் தரச் சொல்லலாம். ஜனவரியில் கேட்பதைவிட அது சுலபம்.