வரைபடம் சொல்லாத மேடு

மாணவர்களே, சினுஸ், கோசினுஸ் என்று மூன்றாம் படிவத்தில் மனப்பாடம் செய்வதோடு விட்டுவிடுகிறோம். அது போதாது என்பேன். பிரிஞ்சாங் தேயிலைச் சரிவில் ஏறிப் பாருங்கள்.

5 பாகைச் சரிவில் 100 மீட்டர் நடந்தால் வரைபடத்தில் 99.6 மீட்டர், அது கோசைன். ஏறிய உயரம் 8.7 மீட்டர், அது சைன். 25 பாகையிலோ வரைபடத்தில் இன்னமும் 90.6 மீட்டர்தான் காட்டும். ஆனால் உயரம் 42.3 மீட்டர், ஏறக்குறைய 14 மாடி! சிறு கோணத்தில் கோசைன் சோம்பேறி, சைன் துடிப்பானது. 45 பாகையில்தான் இரண்டும் சமமாகும்.

நம் பாட்டிமார் கூடையோடு ஏறியது சைன். கொழுந்து நிறுக்கும் தராசுக்கு மேட்டில் பறித்த கிலோவும் சமநிலத்துக் கிலோவும் ஒன்றே.

பாகைமானியில் நூலும் கல்லும் கட்டி, உங்கள் வீட்டுப் பின்மேட்டை அளந்து பாருங்களேன்.