குறி தப்பிய அம்பு

பாரதக் கதையிலே துரோணர் தம் மாணாக்கருக்கு வைத்த வில்வித்தைப் பரீட்சையை அறியாதார் நம்முள் இலர். மரக்கிளையில் ஒரு பொய்ப் பறவையை வைத்து, வில்லை வளைத்து நின்ற ஒவ்வொருவரையும் நோக்கி, யாது காண்கின்றாய் என வினவினார் ஆசான். மரத்தையும் காண்கிறேன், தங்களையும் காண்கிறேன், உடன்பிறந்தாரையும் காண்கிறேன் என்றான் தருமன். அவனை விலகி நிற்குமாறு பணித்தார். ஏனையோர்க்கும் அதுவே நேர்ந்தது. பறவையின் தலையையன்றிப் பிறிதொன்றையும் காணேன் என்ற அருச்சுனன் ஒருவனுக்கே அம்பை விடும் பேறு கிட்டியது.

ஒருமுகச் சிந்தையின் உயர்வை விளக்க இதனினும் சிறந்த கதை வேறில்லை என்று எண்ணிப் பல்லாண்டுகள் இதனை வகுப்பறையிலே சொல்லி வந்திருக்கிறேன். இப்பொழுது அவ்வாறு எண்ணுகின்றேனில்லை. அன்று விலக்கப்பட்டோருள் ஒருவரேனும் அம்பு எய்யவில்லை. எய்திருப்பின், அவ்வம்புகள் எங்கே வீழ்ந்தன, ஏன் அங்கே வீழ்ந்தன என்பவற்றை ஆசான் ஆராய்ந்திருக்கலாம். கற்பித்தல் அவ்விடத்திலேதான் தொடங்குகின்றது. குறி தப்பிய அம்பைப் படித்தறிய மாட்டாத ஆசிரியன், குறி தைத்த அம்பைப் புகழ மட்டுமே வல்லவனாவான் என்பது என் துணிபு.

இத் துணிபு ஏட்டிலே பிறந்ததன்று. 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வுக்குப் பின் நாங்கள் வன்னியிலே தங்கியிருந்த நாள்களில், அயலிலே வாழ்ந்த முதியவர் ஒருவர் மூங்கிலைச் சீவி வளைத்து எனக்கு ஒரு வில் செய்து தந்தார். முதல்நாள் நான் எய்த அம்புகள் யாவும் வைக்கோற் கட்டின் இடப்புறத்தே சென்று வீழ்ந்தன. வில் கோணல் என்றேன். முதியவர் மறுமொழி கூறாது அதே வில்லை வாங்கி, அதே அம்புகள் ஆறினை எய்தார். ஆறும் நடுவிலே தைத்தன. "வில்லைக் குறை சொல்ல முன்னம், அம்பு எங்கை விழுந்ததெண்டு போய்ப் பார் தம்பி" என்றார். ஆசிரியப் பயிற்சிக்குச் செல்வதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நான் பெற்ற முதற் பயிற்சி அதுவேயாகும்.

அவர் கற்பித்தவற்றையும், பின்னர் நானே எய்து பார்த்துத் தெளிந்தவற்றையும் ஈண்டுச் சுருக்கித் தருகிறேன். நாணை வலக்கை விரல்களால் இழுத்து, அம்பை வில்லின் இடப்புறத்தே வைத்து எய்வோரை எண்ணியே கூறுகிறேன். இடக்கையர்க்கு வலமும் இடமும் மாறி வரும்.

முதலாவது, ஓர் அம்பைக் கொண்டு எதனையும் முடிவு செய்தலாகாது. ஆறு அம்புகளை எய்தபின் சென்று நோக்குக. ஆறும் ஒருங்கே திரண்டு, ஆனால் குறிக்கு அப்பால் நிற்குமாயின், எய்தவன் கை ஒழுங்குடையது, பிழை ஒன்றே, அதனைக் கண்டு நீக்கினால் ஆறும் குறிக்கு வந்துவிடும். ஆறும் ஆறு திசையிற் சிதறிக் கிடக்குமாயின், அவற்றுள் ஒன்று குறியின் நடுவே தைத்திருப்பினும் அது தற்செயலே. திரண்டு தப்பியவன், சிதறி ஒருமுறை தைத்தவனிலும் வில்வித்தைக்கு அண்மையில் நிற்பவன் ஆவான்.

இரண்டாவது, தப்பிய திசையே பிழையின் பெயரைச் சொல்லும். அம்புகள் தாழ்ந்து வீழ்ந்தால், நாணை முழுமையும் இழுத்திலன், அல்லது இழுத்தபின் விடுமுன்னரே கை தளர்ந்து முன்சென்றது, அல்லது அம்பு வில்லை நீங்குமுன் இடக்கையைத் தாழ்த்தினான் என்று கொள்க. நாணிழுத்த கை முகத்திலே ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தைத் தொடுதல் வேண்டும். அது வழக்கத்திலும் கீழே தங்கினால் அம்பு மேலே செல்லும்; மேலே தங்கினால் கீழே செல்லும். அம்புகள் இடப்புறம் சென்றால், நாணை விடுங்கால் வலக்கை முகத்தைவிட்டு வெளியே விலகியது எனலாம். என் பிழை அதுவே.

ஆயின், இடப்புறம் செல்வதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. நாணின் உந்துதலால் அம்பு நேரே செல்வதில்லை. நீரில் மீன் நெளிவதுபோல வளைந்து நெளிந்து வில்லின் தண்டைக் கடந்து பின்னரே நேராகின்றது. 1930களில் அமெரிக்கப் பௌதிகவியலாளர் கிளாரென்ஸ் ஹிக்மன் அதிவேகப் படப்பிடிப்பினால் இதனைக் கண்ணாரக் காட்டினார். வில்லின் வலிமைக்கு மிஞ்சிய விறைப்புடைய அம்பு இடப்புறமும், மிஞ்சிய துவட்சியுடையது வலப்புறமும் செல்லும். கையின் பிழையோ அம்பின் பிழையோ என அறிவதெங்ஙனம்? தேர்ந்த ஒருவன் அதே வில்லாலும் அம்புகளாலும் எய்து பார்த்தல் வேண்டும். அவனுக்கும் இடப்புறம் சென்றால் கருவியிலே பிழை. செல்லாவிடிற் கையிலே பிழை. முதியவர் என் வில்லை வாங்கியதன் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை.

மூன்றாவது, அம்புகளுக்கு இலக்கமிடுக. ஒரே அம்பு மீண்டும் மீண்டும் வழிதவறினால், அது வளைந்திருக்கலாம், இறகு கழன்றிருக்கலாம், நாண் பொருந்தும் பிளவு தளர்ந்திருக்கலாம். மூங்கில் அம்பாயின் தணலிலே மெல்லக் காட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். அம்பு மேலுங் கீழுமாகத் துள்ளிச் சென்றால், நாணில் அம்பு பொருந்தும் இடத்தை நோக்குக. அவ்விடத்தில் நூலைச் சுற்றி அடையாளஞ் செய்தல் நன்று. நாண் தளர்ந்து மணிக்கட்டில் அடித்தால், அதனை முறுக்கிச் சிறிது குறுக்குக.

நான்காவது, ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. நாணையும் அம்பையும் நிற்கும் நிலையையும் ஒருங்கே மாற்றியவன், பிழை நீங்கினாலும் எதனால் நீங்கியது என அறியான். பத்து அடி தூரத்திலே நின்று தொடங்குக. அங்கே திரளாத அம்புகள் நாற்பது அடியிலே திரளா. வில் தன் வலிமைக்கு மிஞ்சியதாயின் மெலிந்த வில்லை எடுத்தலில் இழிவில்லை. வைக்கோற் கட்டுக்குப் பின்னே ஆள் நடமாட்டம் இன்மையை முதலிலே உறுதி செய்க; அம்பின்றி நாணை இழுத்து விடற்க, வில் முறியும்.

இனி வகுப்பறைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இருவர் தமிழ் பயின்றனர். ஒருவன் 'வந்த பையன்' என்பதனை எப்போதும் 'வந்தப் பையன்' என்றே எழுதினான். ஓரிடத்தேனும் மாறி எழுதினானில்லை. மற்றவன் லகர, ளகர, ழகரங்களை ஒரு வரியிற் சரியாகவும் மறுவரியிற் பிழையாகவும் எழுதினான். இருவர் கொப்பிகளிலும் ஒரே சிவப்பு மையால் ஒரே கோட்டை இட்டேன். இருவருக்கும் ஒரே புள்ளி, ஒரே கடிந்துரை. முன்னவன் பின்னர் கட்டுரை எழுதுவதையே கைவிட்டான். நெடுநாள் கழித்தே எனக்குப் புலப்பட்டது: 'அந்தப் பையன்' என்பது சரியாதலின், 'வந்த' என்பதற்கும் அவ்வாறே மிகும் என அவன் தானே ஒரு விதியை வகுத்திருந்தான். சுட்டின்பின் மிகும், பெயரெச்சத்தின்பின் மிகாது என்ற ஒரு சொல் போதியதாயிருந்தது. திரண்டு தப்பிய அம்புகளை நான் சிதறியவையெனக் கொண்டேன். வகுப்பில் முப்பதின்மரும் ஒரே பிழையை விடுவாராயின், பிழை என் வில்லிலே என்பதனையும் அதன்பின்னரே கற்றேன்.

இந்தியாவின் இராசத்தான் மாநிலத்துப் பழங்குடிச் சிறுவன் லிம்பா ராம் மூங்கில் வில்லால் வேட்டையாடி வளர்ந்தவர். 1987இல் தேர்வாளர் கண்ணிற்பட்டார். 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிற் கலந்துகொண்டார். 1992இல் பீஜிங் நகரிலே நடைபெற்ற ஆசியப் போட்டியில் 30 மீற்றர் தூரத்தில் 360க்கு 358 புள்ளி பெற்று உலகச் சாதனையைச் சமன் செய்தார். புது வில்லைத் தொட்டறியாத அச்சிறுவனை எய்யவிட்டுப் பார்த்தனர். விலகி நில் என்று கூறினாரில்லை. வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை முதலாக உடும்பு ஈறாக ஐந்தனை வீழ்த்தியதைப் புறநானூறு பாடுகின்றது. அவ்வம்புக்கு முன் தப்பிய அம்புகள் எத்துணை என்பதைப் பாடினார் இலர். யானைக்கு எறிந்து தப்பிய வேலை, முயலைத் தைத்த அம்பினும் இனிதெனப் போற்றிய வள்ளுவர் ஒருவரே தப்பியதன் பெருமையை உணர்ந்தார்.

இம் மலரின் பக்கங்களிலே, பரீட்சையிற் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகுந்தோர் பெயர்கள் இடம்பெறும். அது தகும், அவர்களால் நம் கல்லூரி பெருமையுற்றது. ஆயின், பழைய மாணவர் என்பதற்குச் சித்தியெய்தியோர் என்பது பொருளன்று. ஒரு பாடத்திலே தப்பி, ஏன் தப்பினோம் என அறியாமலே படலையைக் கடந்து சென்றவர்களும் நம் பழைய மாணவரே. அவர்களுட் பலர் இவ்விழாவுக்கு வருவதில்லை.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒன்று வேண்டுவேன். முதன்மை பெற்றோர்க்குப் பதக்கம் வழங்குங்கள். அதனோடு, தப்பியோரின் விடைகளை அவரோடிருந்து ஒவ்வொன்றாக நோக்கும் மாலை வகுப்பொன்றுக்கும் பொருள் உதவுங்கள். பிழை திரண்டதோ சிதறியதோ, அவன் கையினதோ எம் வில்லினதோ என்று அங்கே ஆராய்வோம். அதற்கு வேண்டுவன ஒரு மேசை, ஒரு விளக்கு, அவசரமில்லாத ஓர் ஆசிரியன். முதல் மூன்று மாதங்களுக்கு அவ்வாசிரியனாயிருக்க நான் ஆயத்தம். 'வந்தப் பையன்' என எழுதியவனுக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.