தூய நாதம் யாருடையது?

இசைக்குப் பகை இரைச்சல் என்று நம் ரசிகர்களில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். இன்றைய அறையிசைப் படைப்பாளி வில்லைத் தந்தியில் அழுத்தித் தேய்க்கச் சொன்னாலோ, குழலில் சுரமில்லாமல் மூச்சை மட்டும் ஊதச் சொன்னாலோ, “மேல்நாட்டுப் பித்து, நம்முடையது தூய நாதம்” என்று எழுந்து போகிறார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் ஹெல்முட் லாகன்மான் 1969-இல் தனிச் செல்லோவுக்கு எழுதிய ‘பிரெஸியோன்’ பெரும்பாலும் இப்படிப்பட்ட தேய்ப்பாலும் உரசலாலும் ஆனது. அது பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. தஞ்சாவூர் மரபின் பெயரால் அதைத் தள்ள உரிமை கிடையாது.

தம்புராவைப் பாருங்கள். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூல். அதை மயிரிழை நகர்த்தி நகர்த்தி, தந்தி ரீங்கரிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்கு ஜீவா என்று பெயர். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், மீட்டும் இடத்தைப் பொறுத்து மறைந்துபோக வேண்டிய மேற்சுரங்களும் தம்புராவிலும் வீணையிலும் ஒலிப்பதை 1921-இல் எடுத்துக்காட்டினார். வளைந்த குதிரையின் வேலை அது. “மேற்சுரம் இரைச்சலாகுமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

சரி, மிருதங்கத்துக்கு வருவோம். வலந்தலையின் தோல்களுக்கு இடையே ஈர்க்குத் துண்டுகளைச் செருகினால் குச்சி மிருதங்கம். பொடிக்கற்களை வைத்தால் கப்பி மிருதங்கம். எதற்காக? அடியில் ஒரு கரகரப்பு ஏற வேண்டும் என்பதற்காக. இது தவறி நுழைந்த ஒலி அன்று, கேட்டு வாங்கும் ஒலி. இடப்பக்கத் தொப்பியில் கச்சேரிக்குக் கச்சேரி ரவையைப் பிசைந்து அப்புவதும், வலந்தலையில் கல்பொடியைச் சோற்றோடு குழைத்துக் கரணை வைப்பதும் அதே ஒலிக் கணக்கைச் சேர்ந்தவை.

எவ்வளவு கரகரப்பு வேண்டும் என்று முதலில் அறியும் காது, தோலை இழுத்துக் கட்டுபவருடையது. தஞ்சாவூரில் அந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்தவர்கள் தலித் கிறித்தவக் குடும்பத்தினர். பாலக்காடு மணி அய்யரின் மிருதங்கத்துக்குப் பின்னால் அதைச் செய்து தந்த பர்லாந்து இருந்தார். டி.எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ இந்த வரலாற்றை விரிவாகச் சொல்கிறது. தூய நாதம் என்னும் பேச்சு மறைப்பது ஒலியை மட்டுமல்ல; மாட்டுத்தோலையும், அதைத் தொட்ட கைகளையும் சேர்த்துத்தான். இதனால்தான் இந்த நம்பிக்கையை வெறும் ரசனை வேறுபாடு என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

இதே பேச்சு வாத்தியங்களையும் வாசலில் நிறுத்துகிறது. நாகஸ்வரமும் தவிலும் காவிரி டெல்டாவின் சொந்த வாத்தியங்கள். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனாலும் சபாக்காரர்களுக்கு அவை இன்றும் மங்கல வாத்தியம்தான். தொடக்க நாளில் வாசலில் வாசித்தால் போதும், உள்ளே அவற்றின் சத்தம் அதிகம் என்கிறார்கள்.

இங்கே அறையிசை எழுத உட்காரும் இளைஞர் ஜெர்மனிக்குப் போய் இரைச்சலைக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஜீவா ஏறியும் இறங்கியும் தடுமாறும் நேரத்தை ஒரு பகுதியாக எழுதலாம். நாகஸ்வரத்தின் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்க்கும் கீச்சொலியை வயலினின் தேய்ப்போடு மோதவிடலாம். தவில்காரரின் விரல்கூடுகள் தோலை வெறுமனே வருடினாலே ஒரு தனி ஒலி எழும். அதற்கும் இடம் கொடுக்கலாம். அந்தப் படைப்பை மேடையேற்ற மறுக்கும் சபா, மரபைத் தவிர வேறு காரணம் சொல்லட்டும்.