களிம்புக் குப்பியின் மேல் ஓர் எண்

இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அவர்களின் சமூகத்துக்கு,

ஐயா,

வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் சன்ஸ்கிரீன் என்னும் களிம்பு, நம் தேசத்துச் சட்டத்தில் முகப்பவுடரோடும் உதட்டுச் சாயத்தோடும் ஒரே பந்தியில், அழகுசாதனப் பொருளாக உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவில் அது மருந்து. ஐரோப்பாவிலோ நம்மைப் போலவே அழகுசாதனம். ஆகவே வகைப்பாட்டைப் பற்றி எனக்கு வழக்கு ஏதுமில்லை. என் விசாரமெல்லாம் குப்பியின்மேல் அச்சாகும் எஸ்.பி.எஃப். என்ற எண்ணைப் பற்றியது.

சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம், நம்மில் யாரும் பூசாத தாராளத்தோடு பூசி, சருமம் சிவக்கும் வரை கிரணங்களைப் பாய்ச்சிக் கண்டறியப்படும் அந்த எண் 30 ஆனால், சருமத்தைச் சிவக்கச் செய்யும் புற ஊதாக் கிரணங்களில் நூற்றுக்குச் சுமார் 97 பங்கும், 50 ஆனால் 98 பங்கும் தடுக்கப்படும் என்பது கணக்கு. அந்த ஒரு பங்குக்காக விளம்பரக்காரர்கள் செய்யும் ஆரவாரம் கிடக்கட்டும், எண்ணாவது மெய்தானா? இக்களிம்பைச் சிகிச்சைப் பொருளாகவே பாவித்துக் கண்காணிக்கும் ஆஸ்திரேலியாவில், 2025-ஆம் ஆண்டு சாய்ஸ் என்னும் நுகர்வோர் ஸ்தாபனம் 20 களிம்புகளைச் சோதித்தபோது, 16 களிம்புகள் தாம் வாக்களித்த அளவை எட்டவில்லை. 50-க்கும் மேல் என்று பறைசாற்றிய ஒன்று வெறும் 4 என்று தேறியது.

மாநிறத்தவர் பலருக்குக் குடையும் நிழலும் பெரும்பாலும் போதுமென்பதால், இதை எவரோ சிவப்பழகு நாடுவோரின் நஷ்டம் என்று தள்ளிவிடத் தோன்றலாம். ஆனால் வெயில் பட்டாலே நோய் உக்கிரமாகும் லூபஸ் நோயாளிக்கும், பிறவியிலேயே நிறமி குன்றிச் சருமப் புற்றுநோயின் அபாயத்தில் வாழ்பவருக்கும் இக்களிம்பு ஔஷதமே. பொய்யான எண்ணை நம்பி அவர்கள் வெயிலில் இறங்கினால், அதன் பலனைச் சரீரம் அனுபவிக்கிறது.

எண்ணைத் தவிர, பவளத்தைப் பற்றிய ஒரு வாக்கும் குப்பிமேல் அச்சாகிறது. பவளப் பாறைகளைக் காக்க, ஆக்ஸிபென்சோன் அல்லது ஆக்டினாக்ஸேட் என்னும் ரசாயனம் சேர்ந்த களிம்புகளின் விற்பனையை ஹவாய் 2018-இல் சட்டமியற்றி, 2021 முதல் தடுத்தது. மன்னார் வளைகுடாவின் பவளங்களுக்குக் கடல் வெப்பமே பெரிய சத்துரு என்பதால், அச்சட்டத்தை அப்படியே நகலெடுக்கும்படி நான் கோரமாட்டேன். திட்டமான வரையறை இல்லாமலே “பவளத்துக்குப் பாதகமில்லை” என்று அச்சிடும் வர்த்தக சாமர்த்தியத்துக்கு மட்டும் நிரூபணம் கேளுங்கள்.

மற்றபடி என் பிரார்த்தனை சிறியது: ஆண்டுதோறும் கடைகளிலிருந்தே மாதிரிகளை விலைகொடுத்து வாங்கி, தயாரிப்பாளரைச் சாராத ஆய்வகத்தில் சோதித்து, எஸ்.பி.எஃப். எண்ணோடு, அது சரிவரச் சொல்லாத யு.வி.ஏ. என்னும் வகைப் புற ஊதாக் கிரணங்களுக்கான பாதுகாப்பையும் சேர்த்து, தேறியவை, தேறாதவை எல்லாவற்றையும் பெயரோடு பிரசுரிக்க ஆக்ஞை பிறப்பிக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு பிரஜை