சீட்டு உதிர்ந்ததைச் சொல்லாத கணிப்பொறி

தாவரவியல் துறையின் ஹெர்பேரியம் தாள்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காய்ந்த இலையின் ஓரத்தில் ஒட்டிய சிறு சீட்டில்தான் செடியின் பெயர், பறித்த இடம், நாள் எல்லாம் இருக்கும். சீட்டு உதிர்ந்துவிட்டால் இலை மிஞ்சும். அது எந்த மலையில் வளர்ந்தது என்பதை யார் சொல்வார்? கணிப்பொறிக் கோப்புகளுக்கும் இத்தகைய சீட்டுகள் உண்டு. கோப்பின் உள்ளடக்கத்தோடு கலவாமல், பெயரும் மதிப்புமாகத் தனியே நிற்கும் இவற்றைக் 'கூடுதல் பண்புகள்' எனலாம். கர்ல் என்னும் மென்பொருளை நாம் பணித்தால், இறக்கிய கோப்பு எந்த முகவரியிலிருந்து வந்தது என்பதை இப்படித்தான் எழுதி வைக்கிறது.

கோப்பு நம் கணிப்பொறியிலேயே இருக்கும்வரை தொல்லை குறைவு. வேறொரு கணிப்பொறியின் வட்டை வலைப்பின்னல் வழியே நம்முடையதுபோல் பயன்படுத்தும் என்.எஃப்.எஸ். முறையில்தான் சிக்கல். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த அம்முறையில் இச்சீட்டுகளுக்கு இடமில்லை. 2017 டிசம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 8276 என்னும் வரையறைதான் இடம் தந்தது. லினக்ஸில் அது 2020-இல், 5.9-ஆம் பதிப்பில் சேர்ந்தது. ஆகவே சீட்டைத் தாங்கும் சர்வரும் உண்டு, தாங்காததும் உண்டு. எப்படி அறிவது?

அவ்வரையறை கூறும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. முதலில், 'நீ எந்தெந்தக் கேள்விகளுக்கு விடை தருவாய்?' என்று சர்வரிடம் கேட்க வேண்டும். அது தரும் பட்டியலில் 82-ஆம் எண் இருந்தால் மட்டுமே, 'கூடுதல் பண்புகளைத் தாங்குவாயா?' என்பது அடுத்த கேள்வி. (கேள்வியே விளங்காதவரிடம் விடை கேட்டு என்ன பயன்!) ஆம், இல்லை என்பதே விடை. அதுவும் சர்வர் முழுமைக்கும் பொதுவன்று. அது பகிரும் ஒவ்வொரு கோப்பு அமைப்புக்கும் தனித்தனி. 'ஆம்' என்றாலும் பயனர் வகைச் சீட்டுகள் மட்டுமே செல்லும். அவற்றின் அளவுக்கும் சர்வரிலுள்ள கோப்பு அமைப்பு வரம்பு விதிக்கும்.

இவ்வளவு நேர்த்தியாகக் கேட்டறிந்ததைப் பயன்படுத்துவோரிடம் சொல்லாமல் விடுவதே என் குறை. லினக்ஸில் பலரும் பழகிய 'சி.பி.' கட்டளையை '-ஏ' குறியோடு கொடுத்துப் பாருங்கள். சீட்டைத் தாங்காத இடத்துக்கு நகலெடுக்கும்போது சீட்டுகளை விட்டுவிட்டு, வேலை வெற்றியாக முடிந்ததாகவே காட்டும். எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை. சீட்டுகளைக் காக்குமாறு பெயர் சொல்லிக் கேட்டால்தான் பிழையென்று கூறும். நகல் முடிந்ததென்று நம்பி மூலக் கோப்பை அழித்தவர் கதி என்ன?

ஒவ்வொரு கோப்புக்கும் எச்சரித்தால் திரை நிரம்பிவிடும் என்பார்கள். நியாயம்தான். ஆயிரம் வரி யார் கேட்டது? சர்வரின் வட்டை இணைக்கும்போதே லினக்ஸ் உள்கரு அந்த விடையை வாங்கி வைத்துக்கொள்கிறது. நகலெடுக்கத் தொடங்குமுன், 'இவ்விடத்தில் கூடுதல் பண்புகள் தங்கா, தொடரலாமா?' என்று ஒரே ஒரு முறை கேட்டால் போதும்.