விலாசமும் ஓர் அமானிதம்



நமுனுகுலைக்குக் கடிதம் எழுதுபவர் ஊர்ப் பெயருக்குக் கீழே 90580 என்று எழுத வேண்டும். நம்மில் பலர் எழுதுவதில்லை. "ஊர்ப் பெயர்தான் இருக்கிறதே, இலக்கம் எதற்கு?" என்று கேட்பார்கள்.

அந்த ஐந்து இலக்கங்களும் சும்மா போடப்பட்டவை அல்ல. முதலாவது இலக்கம் மாகாணம். 9 என்றால் ஊவா. இரண்டாவதையும் சேர்த்துப் பார்த்தால் மாவட்டம் தெரியும். 90 பதுளை, 91 மொனராகலை. மிகுதி மூன்றும் தபாற் கந்தோரைக் காட்டுகின்றன. பதுளை 90000, பண்டாரவளை 90100, பசறை 90500. பசறைக்கும் நமுனுகுலைக்கும் 905 என்பது பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். இப்படியே கண்டி 20000, யாழ்ப்பாணம் 40000, காலி 80000. கொழும்பு 7 என்றால் 00700. இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15 முதல் ஆறு இலக்கங்கள். தமிழ்நாட்டு இலக்கங்கள் 6இல் தொடங்கும்.

நம் நாட்டில் ஓர் ஊரின் பெயரை மூன்று மொழிகளில் எழுதுகிறோம். ஒரே பெயரில் பல ஊர்களும் உண்டு. இலக்கமோ மூன்று மொழிக்காரருக்கும் ஒன்றே. கடிதங்களைப் பிரிப்பவர் தடுமாற வேண்டியதில்லை.

ஆனால், குறியீடு கடிதத்தைத் தபாற் கந்தோர் வரைதான் கொண்டுவரும். அதற்கப்பால் கனவரல்ல போன்ற தோட்டங்களும், அவற்றின் டிவிஷன்களும், லயங்களும் இருக்கின்றன. லயத்து வீடுகளில் பலவற்றுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு மொத்தமாகப் போய், அங்கிருந்து கைமாறி வரும். ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் என்னாவது? நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகள் நம் மலைநாட்டில் உண்டு. ஒரு குடும்பத்தின் விடிவு ஒரு உறைக்குள் கிடந்து வீணாகிறது.

நபி (ஸல்) அவர்கள் ரோமாபுரி அரசருக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் வாசிப்பதில்லை என்று எடுத்துச் சொல்லப்பட்டது. உடனே வெள்ளி மோதிரத்தில் முத்திரை செய்துகொண்டார்கள் என ஹதீஸ்களில் காண்கிறோம். செய்தி உரியவரைச் சேர்வதற்கு எது தேவையோ அதைச் செய்வதில் நமக்கு இங்கே முன்மாதிரி உண்டு.

ஆகவே பிள்ளைகளுக்கு விலாசம் எழுதப் பழக்குங்கள். பெயர், தகப்பன் பெயர், லய இலக்கம், டிவிஷன், தோட்டம், தபாற் கந்தோர், குறியீடு ஆகிய அனைத்தும் வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாத அயல்வீட்டாருக்கு, அவர் எந்த மதத்தவராயினும், நீங்களே எழுதிக் கொடுங்கள். தோட்டத்தில் கடிதம் பகிர்பவராக நீங்கள் இருந்தால், அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் கட்டளையிட்டிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வந்த கடிதத்தை அன்றே கொண்டுபோய்ச் சேருங்கள். பிறர் கடிதத்தைப் பிரிக்காதீர்கள்.

அல்லாஹ் நம் காரியங்களை இலேசாக்குவானாக. வஸ்ஸலாம்.